அம்மாவின் காலில் காந்தம் வைத்தேன்

அன்பு மகளுக்கு, நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. எங்கள் சுகத்துக்கு வருமுன் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பேர் பார்க்க உன் அம்மாவின் கெண்டைக்காலில் காந்தத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன், "கையை எடுங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்று பல்லைக் கடித்தாள். விஷயம் இதுதான், இரண்டு மாதமாக அவளுக்குத் தலைவலி, பிடித்த தம்ளர் கையிலிருந்து நழுவுகிறது. உனக்குச் சொல்லக்கூடாது என்றாள், போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம். தலைக்குள் கட்டி ஏதும் இருக்கிறதா என்று டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அந்த மிஷினே பெரிய காந்தமாம், உடம்பில் இரும்பு இருந்தால் உள்ளே விடமாட்டார்களாம். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அவள் மாடிப்படியில் விழுந்து காலில் தகடு வைத்தார்களே, அது என்ன தகடு என்று யாருக்குத் தெரியும். பழைய இரும்புக் கடையில் முப்பது வருஷமாகக் காந்தத்தைக் காட்டித்தானே இரும்பு வேறு பித்தளை வேறு என்று பிரிக்கிறேன், இது என்ன பெரிய வித்தை என்று கடைக் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

ஒட்டவில்லை. ஸ்கேன் எடுக்கும் பெண்ணிடம், "ஒட்டலைம்மா, தாராளமா கூட்டிட்டுப் போ" என்றேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயா, இதோட அந்தக் கதவைத் தாண்டியிருந்தா இது பறந்து போய் யார் மண்டையையாவது உடைச்சிருக்கும். தோலுக்கு மேல வெச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது, ஆபரேஷன் சீட்டைக் கொண்டு வாங்க" என்றாள். வீட்டுக்கு ஓடி மூன்று பெட்டிகளைக் கவிழ்த்து எடுத்து வந்தேன், முழங்கால் இன்னும் வலிக்கிறது, எனக்கு ஒரு தகடு வைக்கச் சொல்லலாம் போலிருக்கிறது. அவள் சீட்டைப் படித்து, பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து, நிக்கல் கலந்த எஃகு, பயமில்லை என்றாள். எஃகும் இரும்புதானே, ஏன் ஒட்டாது என்று கேட்டேன். "இரும்புல ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். கூட்டம் கூட்டமா ஒரே பக்கம் பாத்து நிக்கும், வெளியிலேருந்து காந்தம் வந்தா எல்லாக் கூட்டமும் அது சொல்ற பக்கம் திரும்பிடும். செம்புக்குள்ள எலக்ட்ரான் எல்லாம் ரெண்டு ரெண்டா எதிரும் புதிருமா நின்னு ஒண்ணோட பலத்தை ஒண்ணு அழிச்சிடும்" என்றாள். "எங்க வீடு மாதிரி" என்றாள் உன் அம்மா, அந்த நிலையிலும் வாய் குறையவில்லை. நிக்கல் போதுமான அளவு சேர்ந்தால் இரும்பு அணுக்களின் அடுக்கே மாறி, ஒரே பக்கம் திரும்பும் ஒற்றுமை போய்விடுமாம். எது ஒட்டும் என்று தெரிந்தே முப்பது வருஷம் சம்பளம் வாங்கினேன், ஏன் ஒட்டும் என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை பார்.

ஸ்கேன் எடுத்தாயிற்று, எடுக்கச் சொன்ன டாக்டர் வெளியூரிலிருந்து வந்து படத்தைப் பார்த்துச் சொல்லப் பத்து நாளாகும். அதுவரை டிக்கெட் எதுவும் போடாதே. வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசும்போது ஒன்றும் தெரியாதவளாகவே பேசு, மறந்துவிடாதே. இருவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். அந்தப் பெண் பயமில்லை, உள்ளே போகலாம் என்றபோது சிரித்துக்கொண்டே கும்பிட்டேன். ஒட்டித் தொலைத்திருக்கக் கூடாதா, அந்தப் படத்தை எடுக்காமலே வீட்டுக்குத் திரும்பியிருப்போமே என்று மனதுக்குள் நினைத்ததை உன் அம்மாவிடம் சொல்லவில்லை.

உன் அப்பா