முனியாண்டிச் சேவலின் கால்

பிரிக்பீல்ட்ஸ், ஆனி 20, செவ்வாய்

முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவலின் காலில் செதில் பூச்சி ஏறி, தோல் தடித்துச் சொரசொரப்பாகிவிட்டது. என் வீட்டுக்காரர் ரயில் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றுகிறவர். அவருக்கு எல்லாவற்றுக்கும் மண்ணெண்ணெய்தான் மருந்து. நேற்று அதைக் காலில் தேய்த்துவிட்டார். இன்று காலையில் பார்த்தால் தோல் வெந்து, சேவல் எழுந்திருக்க முடியாமல் கிடந்தது.

"பூச்சி செத்திருச்சில்ல?" என்றார்.

"சேவலும் சாகப் பாத்துச்சு. உங்க எண்ணெயைக் கூண்டுக் கட்டையில பூசுங்க, போதும். கால நான் பாத்துக்கறேன்."

வெதுவெதுப்பான நீரில் காலைக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவினேன். செதிலைப் பிய்க்கவில்லை, ஊறினால் தானாக உதிரும். சாயங்காலம் சேவல் நொண்டிக்கொண்டே வந்து என் கையிலிருந்து அரிசியைக் கொத்தியது.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். "ஊனமில்லாமத்தான் சாமிக்கு வெட்டணும். ஆடிப் பூசைக்குள்ள தேறிடுமா?"

"தேறும்" என்றேன். கேட்ட வேகத்தில் வாய் சொல்லிவிட்டது.

உண்மைதான். என் கை பட்ட கோழி எதுவும் தேறாமல் போனதில்லை. இந்த ஒன்று மட்டும் ஆடி கழிந்து தேறினால் என்ன?