கேட்காமல் வைத்த பில்

ஹூஸ்டன்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் குயெனுக்கு,

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அம்மாவின் இடது முழங்காலைத் தவிர. மழை வருமுன்னே அது சொல்லிவிடுகிறது, நேற்றும் சொன்னது, மழையும் வந்தது. பாஸ்டனில் பனி இன்னும் விடவில்லை என்று செய்தியில் பார்த்தோம், நீ காதை மூடாமல் வெளியே போகிறாயோ என்று அம்மாவுக்கு ஒரே கவலை. இன்று கடைக்கு விடுமுறை, கல்லாவிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீ அழ ஆரம்பிப்பாய், மீதியை அம்மா பிடுங்கிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்கு முழுதாகத் தெரியவேண்டும், அதற்காகத்தான் கடிதம்.

உன் நேத்தனின் அப்பா அம்மா, கார்வர் தம்பதி, வந்து போனார்கள். கால்வெஸ்டன் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் ஏறப் போகிற வழியில் நம் ஃபோ சூப் கடையில் சாப்பிட்டுப் போவார்கள் என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். கூடவே, அவங்க முதல்ல வந்து பாத்துட்டுப் போகட்டும்ப்பா, நிச்சயதார்த்த விருந்தை நம்ம கடையில வெக்கிறதா டவுன் ஹோட்டல்ல வெக்கிறதான்னு அப்புறம் யோசிக்கலாம் என்றும் சொன்னாய். எனக்குப் புரிந்தது, கடைக்குப் பரீட்சை வைக்கிறாய். அதோடு விட்டாயா, விதிகள் வேறு. குரலெடுத்துக் கூப்பிடக் கூடாது, டப்பாவில் நிறுத்தி வைத்திருக்கும் சாப்பாட்டுக் குச்சிகளை எடுத்துவிட்டு முள்கரண்டியைத் துணியில் சுற்றி வைக்கவேண்டும், நடுநடுவே போய் எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று விசாரிக்கவேண்டும், வேற்று ஆளை அவர்கள் மேஜையில் உட்காரவைக்கக் கூடாது, சாப்பிட்டு முடித்தவுடன் அவர்கள் கையைத் தூக்குவதற்கு முன்பே பில்லைக் கொண்டுபோய் வைத்துவிடவேண்டும். வாய் நிறைய சூப்போட இருக்கறவன்கிட்ட போய் நல்லாருக்கான்னு கேட்டா அவன் எப்படிடி பதில் சொல்லுவான் என்று அம்மாவிடம் கத்தினேன். புள்ள ஆசைப்பட்டுக் கேட்டிருக்கா, ஒரு நாள்தானே, வாயை மூடிக்கிட்டுச் செய்யுங்க என்றாள். செய்தோம்.

உன்மேல் கோபம் இல்லை. நீ வேலை பார்க்கிற ஹோட்டலில் சிரிப்பும் சம்பளத்தோடு சேர்ந்தது, அது உன் தொழில். என் கோபம் வேறு ஆட்கள்மேல். இன்டர்நெட்டில் நமக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதுகிறார்களே, சாப்பாடு நன்று ஆனால் பணிவு இல்லை, யாரும் வந்து விசாரிக்கவில்லை, பில்லுக்கு நாங்களே போய் நிற்கவேண்டியிருந்தது என்று, அவர்கள்மேல். அதே ஆட்கள் டவுனில் மெழுகுவத்தி ஏற்றி வைத்த கடைக்குப் போய் அதே மாட்டெலும்பு, அதே பட்டை கிராம்பு, அதே அரிசிச் சேமியாவுக்கு மும்மடங்கு கொடுத்துவிட்டு வாயாரப் புகழ்கிறார்கள். அங்கேயும் உள்ளே பாத்திரம் தேய்ப்பவன் நம் தெருக்காரன்தான். நம்மிடம் வந்தால் மட்டும் விலையும் குறையவேண்டும், முதுகும் வளையவேண்டும். சாப்பிடுகிறவனை அவன் போக்கில் விடுவதுதான் நம் மரியாதை, அதை ஏன் ஒருவனும் யோசித்துப் பார்ப்பதில்லை என்றுதான் எனக்கு எரிகிறது. சரி, விடு, விஷயத்துக்கு வருகிறேன்.

பூசை முடிந்து சர்ச்சிலிருந்து கூட்டம் வந்து வாசலில் வரிசை நின்றது. கார்வர் தம்பதிக்கு ஜன்னலோர மேஜை. அந்த அம்மாள் உட்காருமுன் நாற்காலியைக் காகிதத்தால் துடைத்தார், துளசியும் முளைப்பயறும் வைத்த தட்டைத் தொடவே இல்லை. மனிதர் பரவாயில்லை, கடைசியில் கிண்ணத்தைத் தூக்கியே குடித்தார். உன் சித்தி மகள் சுவாங் இப்போதுதான் பரிமாறப் பழகுகிறாள், நீ சொன்னதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள் பாவம். அவள் போய்ப் போய் நன்றாக இருக்கிறதா என்று கேட்க, அவரும் ஒவ்வொரு முறையும் கரண்டியை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறது என்று சொல்ல, சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அவர்மேல் இரக்கம் வந்தது. பக்கத்து மேஜையில் லாம் பெரியப்பா. வளைகுடாவில் இறால் படகு ஓட்டியவர், அந்தக் காலத்தில் வியட்நாமிலிருந்து வந்த நம்மவர் படகுகளை வெள்ளைக்காரர்கள் சிலர் கொளுத்தியபோது தன் படகும் போய், கடனுக்கு வேறு படகு வாங்கித் திரும்பவும் கடலுக்குப் போனவர். நாம் கடை திறந்த முதல் வருடம் ஈ காக்கை வராதபோது, காலிக் கடையைப் பாத்தா எவனும் உள்ள வரமாட்டான் என்று சொல்லி ஜன்னலோரம் வந்து நாளெல்லாம் உட்கார்ந்திருந்தவர் அவர்தான், உனக்கு மறந்திருக்காது. இப்போதும் ஞாயிறு தவறாமல் வருவார், ஃபோ சாப்பிடுவார், வடிகட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் காப்பியை முன்னால் வைத்துக்கொண்டு மதியம் முழுக்க உட்காருவார்.

சுவாங் பில்லைக் கொண்டுபோய்க் கார்வர் மேஜையில் வைத்தாள், நீ சொன்னபடி. அவள் திரும்பும்போது பெரியப்பா சாப்பிட்டு முடித்துக் குச்சிகளைக் கிண்ணத்தின்மேல் குறுக்கே வைத்தார். அந்தப் பெண் தலையில் உன் பாடம்தான் ஓடிக்கொண்டிருந்தது போல, அவருக்கும் பில்லை அடித்துக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். சுற்றியிருந்த மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய காப்பி இன்னும் பாதிகூட இறங்கவில்லை. பில்லைப் பார்த்தார், வாசலில் நின்ற வரிசையைப் பார்த்தார், இடம் வேணுமாம்மா என்று கேட்டார், கோபமே இல்லாமல். அவளுக்குப் புரியவில்லை, சிரித்துக்கொண்டே, அவசரமில்ல பெரியப்பா, மெதுவாப் பணம் குடுங்க என்றாள். இதற்குமேல் கெடுக்க என்ன இருக்கிறது. அவர் கல்லாவில் பணத்தை வைத்தார், தொப்பியை எடுத்துக்கொண்டார், போய்விட்டார். போனில் யாருக்கோ பார்சல் எழுதிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தபோது கதவு ஆடிக்கொண்டிருந்தது.

உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா. சம்பந்திகள் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், கத்தக் கூடாது என்று நீ சொல்லியிருக்கிறாய். அவள் போனை அப்படியே போட்டுவிட்டு, அந்த முழங்காலோடு, ஏப்ரனோடு, கார்கள் நிற்கிற இடத்துக்கு ஓடினாள். அண்ணா, லாம் அண்ணா, நில்லுங்க என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்ச்சாரிப் பல் டாக்டர் கடையிலிருந்து ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள். நான் அகப்பையோடு வாசலில் நின்றேன். காப்பி இன்னும் சொட்டுது, அதை யாரு குடிப்பா, நானா, எனக்கு ரத்தக்கொதிப்பு என்றாள் அவரிடம். கடை பெருசாயிடுச்சு தங்கச்சி, நாற்காலிக்கு வாடகை கேக்கறீங்க, நியாயந்தானே என்றார் அவர், கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு. வாடகை நீங்கதான் கேக்கணும், முதல் வருஷம் அந்த நாற்காலியச் சூடா வெச்சிருந்தது யாரு, சின்னப் பொண்ணு, சம்மந்திக்காரங்களுக்காகப் படிச்ச பாடத்தை உங்ககிட்ட ஒப்பிச்சிட்டா, இப்ப நீங்க கிளம்பிப் போனீங்கன்னா அடுத்த ஞாயிறு கடையைச் சாத்திட்டு உங்க வீட்டுல வந்து உக்காந்துக்குவேன், சோறு போடுவீங்களா என்றாள். நான் சமைச்சதத் தின்னா நீ பொழைக்கமாட்ட என்று சொல்லிவிட்டு அவர் கார்க் கதவைச் சாத்திவிட்டுக் கடையைப் பார்த்து நடந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

திரும்பிப் பார்த்தால் கார்வர் என் எதிரே நிற்கிறார், கையில் பில். அந்தப் பெரியவர் ஏன் எழுந்து போனார் என்று சுவாங்கிடம் கேட்டிருக்கிறார், அவள் அழுதுகொண்டே, இங்க கேக்காம பில்லு வெச்சா எழுந்து போன்னு அர்த்தம், நான் வெச்சுட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவர் என்னிடம் கேட்டார், அப்போ எங்களையும் போகச் சொல்றீங்களா? குயென், நீ அந்த இடத்தில் இருந்தால் ஐயோ இல்லவே இல்லை என்று சொல்லியிருப்பாய். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. ஆமா சார், எங்க கடையில அதுக்கு அதுதான் அர்த்தம், நீங்க அப்படித்தான் எதிர்பார்ப்பீங்கன்னு என் மக சொன்னா, அதனால வெச்சோம், எனக்கு அது பிடிக்கல என்றேன். சொல்லி முடித்ததும், உன் கல்யாணத்தையே கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன். அந்த அம்மாள் மேஜையிலிருந்து ஹேரல்ட் என்று கூப்பிட்டார், கிளம்பலாம் என்கிற குரல். அவர் பில்லை மடித்து என் ஏப்ரன் பையில் போட்டார். நான் இதக் கேக்கவே இல்லையே என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குள் பெரியப்பாவின் மேஜையில் வரிசைக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா யாரையும் கேட்கவில்லை, கார்வர் மேஜையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்து, காப்பியையும் கொண்டுவந்து வைத்தாள், உன் மிச்ச விதியும் போயிற்று. அந்த அம்மாள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். கப்பலில் போகிறார்கள் என்றதும் பெரியப்பா, அந்தக் கப்பல் கிளப்புற அலையில என் வலை எத்தனை தடவை கிழிஞ்சிருக்கு தெரியுமா, நஷ்டஈடு நீங்கதான் தரணும் என்றார். நான் இன்சூரன்சுல இருந்து ரிட்டயர் ஆனவன், குடுக்க முடியாதுன்னு சொல்லித்தான் இவ்வளவு நாள் சம்பளம் வாங்கினேன் என்றார் கார்வர். பிறகு அந்த இரண்டு பேருக்கும் பேச்சு ஓயவில்லை. கூட்டமெல்லாம் கலைந்த பிறகுதான் கார்வர் கையைத் தூக்கி, நம்மவர்கள் போலவே உரக்க, பில் என்றார். கட்டுவதற்குப் பில் ஏது? நடுவில் ஒருமுறை, கை கழுவப் போகிறேன் என்று எழுந்த பெரியப்பா எல்லாவற்றையும் கட்டிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருந்தார். கார்வருக்கு முகம் சிவந்துவிட்டது. கல்லாவில் நின்று அவர் கார்டை நீட்ட, பெரியப்பா கையைத் தள்ள, அம்மா கார்டு மெஷினையே தூக்கிக் கீழே ஒளித்துவைத்துவிட்டு, கை கழுவப் போறவர் மேல ஒரு கண்ணு வெக்கணும், அதுகூடத் தெரியாமலா எங்க வீட்டுல பொண்ணெடுக்கறீங்க என்றாள். அவர் சிரித்தார். அந்த அம்மாளும் கொஞ்சம் சிரித்தார். போகும்போது கலகலப்பான இடம் என்றார், அது புகழ்ச்சியா என்று எனக்குத் தெரியவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. விருந்து இங்கேதானே என்று கார்வர் கேட்டார். என் மகளைக் கேளுங்கள் என்றேன்.

எனக்கு இரண்டு நாளாகப் பெருமை தாங்கவில்லை. உன் அம்மா ஓடிய ஓட்டத்தை நினைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குத் தட்டு தூக்கிய சுவாங்கை நினைத்து. உன்னை நினைத்தும்தான், நம்மைப் போன்றவர்கள் பின்கதவு வழியாக மட்டுமே நுழைந்த ஹோட்டலில் நீ முன்வாசலில் நின்று ஆட்களை ஏவுகிறாய், அது சின்ன விஷயமா. விருந்தை எங்கே வேண்டுமானாலும் வை. ஹோட்டல் என்றால் நானும் அம்மாவும் நல்ல உடை உடுத்தி வந்து, போடுவதைச் சாப்பிட்டு, வாழ்த்திவிட்டு வருவோம், மனத்தாங்கல் இல்லை. லாம் பெரியப்பாவை மட்டும் முன்வரிசையில் உட்காரவை. ஆனால் இந்தக் கடைக்காக இனி யாரிடமும் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்காதே. குச்சி டப்பாக்களை மறுபடி மேஜையில் வைத்துவிட்டோம், முள்கரண்டிகள் டிராயருக்குள் போய்விட்டன.

காதை மூடிக்கொண்டு போ. வேலை வேலை என்று நின்றுகொண்டே சாப்பிடாதே. சுவாங்குக்கு ஒரு போன் போட்டு இரண்டு நல்ல வார்த்தை சொல், உன் முகத்தில் விழிக்கப் பயந்துகொண்டிருக்கிறாள். மாதா உன்னையும் நேத்தனையும் காப்பாற்றட்டும். நம் புத்தாண்டுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வா, ஜன்னலோர மேஜையில் உட்காருங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருங்கள். இங்கே உன் முன்னால் யாரும் பில் கொண்டுவந்து வைக்கமாட்டார்கள்.

உன் அப்பா