என் பெயருக்குக் கீழே ஸ்தாமென்

ராத்கா,

நான் சந்தைக்குப் போகிறேன். அடுப்பில் பீன்ஸ் சூப், அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள். மத்தியானம் உன் தம்பி ஸ்தாமென் வருவான், என் காலில் விழ!

அவன் அனுப்பிய ஒலிப்பதிவை வானொலி நிலையம் திருப்பி அனுப்பிவிட்டது. கல்யாணத்தில் பதிந்ததை அப்படியே அனுப்பியிருக்கிறான். அவன் ஊதும் ஒற்றைக் கிளாரினெட்டுக்கு நாற்பது குடிகாரர்கள், "கோலியோ மாமாவுக்கு ஒண்ணு வாசிடா!" என்று தலைநகர் சோபியா வரை கேட்கக் கத்துகிறார்கள். கூச்சலில்லாத அறையில் ஒரே ஒரு பாட்டைப் பதிந்து, வாசித்தவர்களின் பெயரோடு அனுப்ப வேண்டுமாம். பாட்டுக்கு அக்கார்டியன் வேண்டும். ஊரில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

"அத்தான், உங்க பெட்டி இருமுது, வீட்டுக்குப் போங்க" என்று ஊர் முன்னால் என்னைத் தன் வாத்தியக் குழுவிலிருந்து துரத்தியவன். நீயும் அன்று சிரித்தாய், மறக்கவில்லை.

நான் வாசிப்பேன் என்று அவனிடம் சொல். ஆனால் என் பெயர்தான் முதலில்.

ராக்கியா சாராயம் இருக்கும் அலமாரியின் சாவி என் சட்டைப்பையில். அவன் கேட்டால் தெரியாது என்று சொல்.

வெலிச்கோ

பி.கு.: அவனுக்கு இரண்டு கிண்ணம் சூப் ஊற்று, ரொட்டியும் கொடு. தெம்பாக ஊதட்டும். சொதப்பினால் வானொலியில் போடமாட்டார்கள். அப்புறம் என் பெயருக்குப் பின்னால் அவன் பெயர் வருவதை ஊர் எப்படிக் கேட்கும்?