எட்டாம் வகுப்பில் ஒரு கோர்ட்டு

ஜூலை 7, திங்கள்

கபடி டீமில் என் பேர் இல்லை. 25-ஆம் தேதி பாகூரில் மேட்ச். போன வருஷம் கடைசி ரைடு போய் ஜெயிக்க வைத்தவளே நான்தான்!

என் பேரை எடுத்தது கமலக்கண்ணன். ஊர்ப் பஞ்சாயத்தார் சம்மந்தம் மாமா மகன், எங்கள் மணப்பட்டுக்காரன்தான். வகுப்பு லீடர். வாரத்தில் இரண்டு நாள் லேட்டாக வந்தால் எந்த டீமிலும் இடமில்லை என்று அவனே ரூல் போட்டான். கேட்டில் நின்று யார் லேட் என்று அவனே பார்க்கிறான். தண்டனையும் அவனே சொல்கிறான். பி.டி. சாரிடம் பேர் கொடுப்பதும் அவன்தான்.

அப்பாவின் போட்டு கரைக்கு வந்ததும் மீனைக் கூடையில் அள்ளி, அம்மாவை மார்க்கெட்டுக்கு வண்டி ஏற்றிவிட்டுத்தான் நான் கிளம்ப முடியும். கடல் என்ன ஸ்கூல் மணி பார்த்தா மீன் கொடுக்கும்?

"அநியாயம்டா இது. நான் யார்கிட்ட போய் கேக்கறது?" என்றேன்.

"என்கிட்டதான். கேட்டுட்ட இல்ல? முடியாது பிரேமா, போ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அழுகை வந்தது. அவன் முன்னாடி அழுவேனா நான்?

ஜூலை 8

இன்னைக்கும் லேட். வலை நிறைய சங்கரா மீன். சந்தோஷப்படறதா அழறதா?

ஜூலை 10, வியாழன்

ஸ்டெல்லா மிஸ்ஸுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சமூக அறிவியல் பாடத்தைப் போர்டில் எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். சட்டம் போடுவது சட்டமன்றம். அதை நடத்துவது அரசு. எல்லாம் சட்டப்படிதான் நடக்கிறதா என்று பார்ப்பது நீதிமன்றம். ஒன்று வரம்பு மீறினால் இன்னொன்று தடுக்கும். இரண்டு மார்க் கேள்வி, மனப்பாடம் பண்ணுங்க.

மனப்பாடமா? எனக்குப் பேனாவே ஓடவில்லை. எங்கள் வகுப்பில் மூன்றும் கமல்தானே!

இத்தனை நாள் ஏன் யாருக்கும் தோன்றவில்லை? எங்கள் ஊரில் பஞ்சாயத்தார்தான் கட்டுப்பாடு போடுவார்கள். மீறினவனைக் கூப்பிடுவதும் அவர்கள், கோயில் முன்னால் உட்கார்ந்து தீர்ப்பு சொல்வதும் அவர்கள். அதையே பார்த்து வளர்ந்த நாங்கள், லீடர் என்றாலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டோம். ஊரிலாவது பத்துப் பேர் கூடிப் பேசுவார்கள். இங்கே ஒருத்தன்.

விடமாட்டேன்.

ஜூலை 11

ஆரோக்கியசெல்வியிடம் சொன்னேன். என் பெஞ்ச், செலியமேட்டுக்காரி, என் உயிர். காலையில் அவளும் வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டுத்தான் வருவாள். "'என் பேர சேருங்க'ன்னு கேட்டா ஒருத்தனும் வரமாட்டான்டி. நாளைக்கு உங்களுக்கும் இதே கதிதான்னு சொல்லு" என்றாள். இவளுக்கு மூளை ஜாஸ்தி.

ஜூலை 14, திங்கள்

மிஸ்ஸிடம் கேட்டு ஒரு பீரியடு வாங்கினேன். பீரியடு முழுக்க சண்டை. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். பெஞ்சுக்கு ஒருத்தர் சேர்ந்து ஒரு சபை. ரூல் போடுவது அதுதான். லீடர் அதை நடத்தலாம், போட முடியாது. தகராறு வந்தால் கோர்ட்டு: குலுக்கலில் வருகிற மூன்று பேர். லீடருக்குப் புதுசாகத் தேர்தல்.

கமல் முகம் கருவாடு மாதிரி ஆகிவிட்டது. "லீடரா நிக்கப்போறது யாரு, நீயா?" என்றான் நக்கலாக.

"ஆமாண்டா, நிக்கறேன்."

ஜூலை 16

நான்தான் லீடர்!!!

ஜூலை 17

சாப்பாட்டு மணி அடித்ததும் எழுந்து நின்று முதல் உத்தரவு போட்டேன். லேட் ரூல் இன்றோடு ரத்து. கபடி டீமில் பிரேமா உண்டு. எல்லோரும் கை தட்டினார்கள். கமல் மட்டும் கை தூக்கினான்.

"ரூல் போடறது சபைன்ன. அப்ப ரத்து பண்றதும் சபைதான? நீ யாரு? நான் கோர்ட்டுக்குப் போறேன்."

போடா என்றேன். கோர்ட்டில் இருப்பது டேனியல், பச்சையப்பன், அப்புறம் என் ஆரோக்கியசெல்வி. எனக்கென்ன பயம்?

ஜூலை 18

தோத்துட்டேன்.

மூணு பேரும் ஒரே மாதிரி சொல்லிட்டாங்க. வாசிச்சது அவதான். "ரூலை ரத்து பண்ண லீடருக்கு அதிகாரம் இல்ல. இந்த உத்தரவு செல்லாது." என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே வாசிச்சா. முடிச்சிட்டு எம்பக்கத்துல வந்து உக்காந்தா. நான் தள்ளி உக்காந்துக்கிட்டேன்.

நான் சண்ட போட்டு வாங்குன கோர்ட்டு எனக்கே ஆப்பு வைக்குது. அப்புறம் இன்னாத்துக்கு நான் லீடரு?

வீட்டுக்கு வந்து கத்தினேன். அம்மா கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "அவன் சொல்றதெல்லாம் சட்டமான்னு பத்து நாளா கத்துன. இப்ப நீ சொன்னது சட்டமாவலன்னு கத்தற. இன்னாடி வேணும் உனுக்கு?"

கூடையைப் பிடுங்கி மீதியை நானே கழுவினேன். 

ஜூலை 21

சரி, சபைக்கே போகிறேன். ரூலை மாற்றிக் காட்டுகிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

வீட்டு வேலையால் லேட் ஆனால் அது லேட் இல்லை என்று மாற்றச் சொன்னேன். "அப்டின்னா தூங்கிட்டு வர்றவன்கூட வீட்டு வேலைம்பான்" என்றான் கமல். எரிச்சலாக இருந்தாலும் நியாயம்தான். அதனால் வீட்டிலிருந்து யாராவது மிஸ்ஸுக்குப் போன் பண்ண வேண்டும் என்று சேர்த்தோம். நிறைவேறிவிட்டது!

ஆனால் இன்றிலிருந்துதான் செல்லுமாம். பழைய லேட்டெல்லாம் லேட்தானாம். சபையில் பாதிக்கு மேல் அப்படித்தான் சொன்னார்கள்.

மேட்ச் போச்சு.

ஜூலை 24

டீம் பேரை வாசிப்பது லீடர் வேலை. என் இடத்தில் ஆடப்போகிறவள் பேரை மட்டும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டேன். நிறுத்தி, முதலிலிருந்து சத்தமாக வாசித்தேன். உட்கார்ந்ததும் ஆரோக்கியசெல்வி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். தீர்ப்பு நாளிலிருந்து நான் அவளோடு பேசவில்லை. வாங்கிக் குடித்தேன்.

ஜூலை 25

நான் இல்லாமலே ஜெயித்துவிட்டார்கள். சந்தோஷம்தான். கொஞ்சம் வயிறும் எரிந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கமல் லேட். நேற்றும் லேட். சம்மந்தம் மாமா போட்டுக்கு ஆள் வரவில்லை, இவன்தான் கூடை தூக்குகிறான். கரையில் நானே பார்த்தேன். ஆனால் மாமா மிஸ்ஸுக்குப் போன் பண்ணமாட்டார். பஞ்சாயத்தார் மகன் கூடை தூக்குகிறான் என்று சொன்னால் கௌரவம் என்ன ஆவது?

பசங்க வாலிபால் டீமில் அவன் பேர் இருக்கிறது. "எடு பிரேமா, எடு அவன் பேர!" என்று பின்னாடி பெஞ்சிலிருந்து ஒரே கூச்சல். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் கை துறுதுறுத்தது.

"இன்னா பண்ணப்போற?" என்றான் கமல். குனிந்தே இருந்தான்.

"போன் வரல. ரூல்படி உன் பேர எடுக்கணும். ஆனா அதுக்கு முன்னாடி கோர்ட்டுல போய் உன் கஷ்டத்த சொல்லு. நான் கரையில பாத்தத நானும் வந்து சொல்றேன். அவங்க சொன்னா உண்டு, இல்லன்னா இல்ல."

"மூணு பேரும் உன் ஆளுங்க" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் ஆளுங்கன்னா நான் பாகூர்ல ஆடியிருக்க மாட்டனாடா?"

 அவன் பையை வைத்துவிட்டு ஆரோக்கியசெல்வியிடம் போனான். நானும் எழுந்து பின்னாலேயே போனேன்.