எட்டாம் இருக்கைக்கு வந்த அழைப்பு

மார்ச் 2

என் அன்பு ஏழுக்கு,

நலமா? முழங்கால் என்ன சொல்கிறது? இங்கே மகளும் மாப்பிள்ளையும் சுகம். நான்தான் ஒரு வாரமாகத் தரையில் நடக்கவில்லை. இத்துடன் வரும் பொட்டலத்தைப் பிரித்தால் காரணம் தெரியும். ஆமாம், என் நாவல் அச்சாகிவிட்டது. அறுபத்து மூன்று வயதில்!

முழுக்க நம் தொலைபேசி நிலையக் கதைதான். அந்த நீளக் கூடம், இருபது இணைப்புப் பலகைகள், காதை அமுக்கும் ஹெட்செட், ஏழாம் இருக்கையில் நீ, எட்டில் நான். நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவரே அங்கே கிடையாது. நாம் இரண்டு பேரும் சிரித்தால் போதும், "ஏழரை ஆரம்பிச்சாச்சு" என்பாரே மேற்பார்வையாளர் அம்மா, அவரையும் விடவில்லை. நாம் தங்கியிருந்த மாடி அறையில் ஒரே அலமாரியைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டதுகூட இருக்கிறது.

படித்துவிட்டு எழுது. போனில் வேண்டாம், உன் காதையும் என் காதையும் சேர்த்தால்கூட ஒரு காது தேறாது. நீ புகழ்ந்தால் நம்ப மாட்டேன், திட்டினால் தாங்க மாட்டேன். பார்த்து எழுது.

என்றும் உன்
எட்டு


மார்ச் 14

எட்டு,

புத்தகம் வந்து எட்டு நாளாகிறது. முதல் நூறு பக்கம் சிரித்துக்கொண்டே படித்தேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கை நின்றுவிட்டது.

உன் கதாநாயகி வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் காத்திருக்கிறாள். "வேலை கிடைச்சா அன்னிக்குக் கூப்பிடுறேன். கூப்பிடலைன்னா என்னை மறந்துடு" என்று அவன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அழைப்பு வருகிறது. பக்கத்து இருக்கைத் தோழி அதை எடுக்கிறாள். இவளுக்குக் கொடுக்காமல் துண்டித்துவிடுகிறாள்.

அப்படியானால் உனக்குத் தெரியும். நாற்பது வருஷமாகத் தெரியும்! தெரிந்துகொண்டே என் கையால் சாப்பிட்டாய். பிறந்த மகளை முதலில் என் மடியில் போட்டாய்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? முழுதாகவே கேட்டுக்கொள். அந்த வெள்ளிக்கிழமை உன்னவர் கூப்பிட்டபோது விளக்கு என் பலகையில் எரிந்தது. "எட்டாம் நம்பர்ல இருக்கிறவங்கள கொஞ்சம் கூப்பிடுறீங்களா?" என்றார். வேலை கிடைத்துவிட்டது என்று குரலிலேயே தெரிந்தது. நீ என் முழங்கைக்குப் பக்கத்தில் வேறு யாருக்கோ இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தாய். இருபது பேர் ஒரே சமயத்தில் பேசுகிற கூடத்தில் உன் காதில் எதுவும் விழவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். "அவங்க மாற்றலாகிப் போயிட்டாங்க. கல்யாணம்கூட நிச்சயமாயிருக்கு" என்றேன். "சந்தோஷம்னு சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அவர் மேல் எனக்கு ஆசையெல்லாம் இல்லை. என் அம்மா கண்ணை மூடி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நீயும் போய்விட்டால் அந்த அலமாரியின் மறுபாதியைத் தினமும் எப்படித் திறந்து பார்ப்பேன் என்று பயந்தேன். அவ்வளவுதான்.

எப்படியும் இரண்டு வருஷத்தில் வேறொருவரைக் கட்டிக்கொண்டு போனாய். பிரசவத்துக்கு வந்தேன். உன் வீட்டுக்காரர் கடைசியாகப் படுத்தபோது ஆஸ்பத்திரி ஸ்டூலில் முப்பது நாள் உட்கார்ந்தேன். உயிர்த்தோழி என்று எல்லாரும் சொன்னார்கள். அதெல்லாம் நட்பா, இல்லை செய்த தப்புக்கு நானே போட்டுக்கொண்ட தண்டனையா? எனக்கே தெரியவில்லை. உன் நாவலில் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. அதை மட்டும் நீ தப்பாக எழுதிவிட்டாய்.

ஏழு


மார்ச் 14

என் கோபக்கார ஏழுக்கு,

பதிலே காணோம். பன்னிரண்டாம் அத்தியாயத்துத் தோழி நீதான் என்று நினைத்துவிட்டாயோ என்று நேற்றுதான் உறைத்தது. மண்டு! அவள் எங்கே, நீ எங்கே.

நிஜத்தில் அவர் கூப்பிடவே இல்லையே. உனக்குத் தெரியாதா, பக்கத்திலேயே இருந்தாயே. அன்றைக்கு வேலை நேரம் முடிந்தும் ஹெட்செட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவளை நீதான் கையைப் பிடித்து எழுப்பினாய். கட்டினவரோடு குறையில்லாமல்தான் வாழ்ந்தேன். ஆனாலும், ஒரு போன் பண்ணக்கூட நான் லாயக்கில்லாதவளா என்ற கேள்வி மட்டும் போகவே இல்லை. கதையிலாவது அவர் கூப்பிடட்டும் என்று நினைத்தேன். கூப்பிட்டும் அவளுக்கு வந்து சேரக்கூடாது என்றால் நடுவில் ஒரு பாவி வேண்டுமே. அதனால் ஒருத்தியை இட்டுக்கட்டினேன்.

முதலில் உன்னைப் போல ஒருத்தியைத்தான் எழுதிப் பார்த்தேன். நல்ல தோழிக்குக் கதையில் வேலையே இல்லையடி. அவள் பக்கத்தில் இருந்தால் ஒரு கஷ்டமும் வராது, மூன்றாம் பக்கத்தில் கதை முடிந்துவிடும். பொய்த்தோழி வந்த பிறகுதான் பேனா ஓடியது. இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளாமல் எழுது.

உன் எட்டு


மார்ச் 19

எட்டு,

உன் பதினாலாம் தேதிக் கடிதம் இன்று காலை வந்தது. வாசலில் நின்றபடியே படித்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதே தேதியில் நானும் ஒன்று போட்டிருக்கிறேன். நீல உறை. கெஞ்சிக் கேட்கிறேன், பிரிக்காதே. அப்படியே கிழித்துப் போட்டுவிடு. உடம்பு சரியில்லாத நேரத்தில் எதையோ உளறி வைத்திருக்கிறேன். ஒருவேளை பிரித்துவிட்டாய் என்றால்... மேலே எழுத வரவில்லை. ஒரு வரி போடு, போதும்.

ஏழு


மே 6

ஏழுக்கு,

பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. கை வலி என்று வைத்துக்கொள். நீ சொன்னபடி நீல உறையைப் பிரிக்கவில்லை. கிழிக்கவும் மனம் வரவில்லை, உள்ளே வைத்திருக்கிறேன்.

நாவல் இரண்டாம் பதிப்பு வருகிறது. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள் என்று பதிப்பாளர் கேட்டதால் பன்னிரண்டாம் அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன். பத்து நாள் அவள் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை. மகளிடம்கூட எரிந்து விழுந்தேன். பிறகு ஒரு மத்தியானம், அவர் கூப்பிடுகிற இடத்தைத் திரும்பப் படித்தேன். நானே எழுதிய வரிதான். ஆனால் அழுகை நிற்கவில்லை. அவர் கூப்பிட்டார், ஏழு.

சில வரிகள் சேர்த்திருக்கிறேன். இணைப்பைத் துண்டித்த பிறகு அவள் கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். பின்னால், கதாநாயகியின் கணவர் படுத்தபோது முப்பது நாள் ஸ்டூலில் உட்காருகிறாள். பதிப்பாளர் படித்துவிட்டு, "செஞ்ச தப்புக்காகத்தானே உட்கார்ந்தா? அதை ஒரு வரி எழுதிடுங்களேன்" என்றார்.

"முதல் நாலு நாள் வேணா அதுக்காக இருக்கலாம் சார். முப்பது நாள் யாரும் அதுக்காக உட்கார மாட்டாங்க" என்றேன்.

முழங்கால் தேறியதும் கிளம்பி வா. மாடி அறையில் ஒரே அலமாரிதான் இருக்கிறது, பாதியைக் காலி செய்து வைத்திருக்கிறேன். தலையணையை மட்டும் நீயே கொண்டுவந்துவிடு, என்னுடையதைத் தர மாட்டேன்.

எட்டு