நூறு மூலைகளில் அறுந்த வரத்துக்கால்

அனுப்புநர்:
சொ. உமையாள்,
பட்டதாரி ஆசிரியை – கணிதம் (ஓய்வு),
கருவேலனேந்தல், அபிராமம் வழி,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: கருவேலனேந்தல் கண்மாயின் வரத்துக்கால் கணினி வரைபடத்தில் விடுபட்டமை – குறுக்கே சிறுபாலம் இன்றிச் சாலை உயர்த்தும் பணியை நிறுத்தி நேரில் ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது புகார்தான். ஆனால் யார் மேல் என்று எனக்கே தெளிவாகச் சொல்ல முடியவில்லை. பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

1. எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருவது ஒரே ஒரு வரத்துக்கால். வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து 1.6 கி.மீ. ஓடி வருகிறது. அதை நம்பி நூற்றுப்பத்து ஏக்கர் நெல். அதன் குறுக்கே போகும் மண்சாலையை இப்போது நான்கு அடி உயர்த்தப் போகிறார்கள். சிறுபாலம் கேட்டு ஜூலையில் மனு கொடுத்தோம். "வரைபடத்தின்படி அவ்விடத்தில் நீர்வழி ஏதும் இல்லை" என்று 21.8.2025 அன்று பதில் வந்தது. கிராவல் கொட்டியாகிவிட்டது. வேலை இம்மாதம் 29ஆம் தேதி தொடங்குகிறது. ஐப்பசி மழைக்கு முன் சாலை எழும்பிவிட்டால் தண்ணீர் அதற்கு மேற்கேயே நின்றுவிடும்.

2. என் தவறை மறைக்க விரும்பவில்லை. அந்த வரைபடம் ஜனவரி 26 கிராம சபையில் ஒட்டப்பட்டபோது, சரிபார்க்கும்படி ஊரார் என்னிடம்தான் சொன்னார்கள். கண்மாயின் பரப்பைப் பார்த்தேன், எல்லையைப் பார்த்தேன், சரி என்றேன். "டீச்சரே பாத்துட்டாக, போடுங்கப்பா கையெழுத்த" என்று அறுபத்திரண்டு பேர் கையெழுத்திட்டார்கள். எங்கள் கண்முன் ஓடும் வாய்க்காலைப் படத்தில் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

3. ஜூன் மாதம் முனைவர் நாகஜோதி என்பவர் ஊருக்கு வந்தார். பரமக்குடி நெசவாளர் வீட்டுப் பெண். முனைவர் பட்டத்துக்குப் பிறகான ஆய்வைச் சென்னையில் செய்து வருகிறார். கட்டங்களால் ஆன கணினிப் படத்தில் எது கோடு, எது எல்லை, எது எதோடு தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதே அவருடைய ஆய்வு. எண்ணிம வடிவியல் என்று பெயர் சொன்னார். மனிதர்கள் இடத்தையும் வழியையும் மனத்தில் எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்பதும் அதில் சேர்த்தி. அதற்காகத்தான், தண்ணீர் வரும் வழியைக் கட்டத்தாளில் வரைந்து காட்டும்படி எங்களைக் கேட்டார்.

வரைந்தோம். பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். இரண்டு கட்டங்கள் மூலையில் மட்டும் தொட்டால் அவை சேர்ந்தவையா, தனித்தனியா?

தனித்தனி என்று நான் உடனே சொன்னேன். முப்பத்தொரு ஆண்டுகள் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் ஊர் விவசாயி சின்னச்சாமி என்னைப் பார்க்காமல் பக்கத்திலிருந்தவரிடம், "ஏலே அய்யப்பா, வரப்பு மூலையில கால வச்சுத்தானடா தெனமும் எங்க வயலுக்குள்ள எறங்குற? டீச்சர் கணக்குல நீ இன்னும் வந்தே சேரலடா" என்றார். எங்களில் மூத்தவரான இருளம்மாள் சிரிக்கவில்லை. "மூலையக் கண்டா தண்ணி கூச்சப்பட்டு நின்னுருமா தாயி? அது பாட்டுக்குப் போகும்" என்றார்.

4. நாகஜோதி அதைக் குறித்துக்கொண்டு போனார். ஆகஸ்டில் அந்தப் பதில் வந்ததும் அவரை மறுபடி அழைத்தோம்; இணையதளத்தில் வரைபடத்தின் அடிக்குறிப்பைத் திறந்து காட்டினார். நிலம் பத்து மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தோடு பக்கம் ஒட்டிய நீர்க்கட்டங்கள் மட்டுமே ஒன்றாகக் கருதப்படும். நான்கு கட்டங்களுக்குக் குறைவான துண்டு பள்ளம் என்று நீக்கப்படும். அவ்வளவுதான் விதி.

தாங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கட்டம் போட்ட நோட்டில் சாய்வாகக் கோடு இழுங்கள். ஒவ்வொரு நெடுவரிசையிலும் கோட்டுக்கு மிக அருகிலுள்ள கட்டத்தைக் கறுப்பாக்குங்கள். கோடு படிக்கட்டாகிவிடும், படிகள் மூலையில் மட்டும் தொடும். சேலைக் கரைக்கு டிசைன் போடும் கட்டத்தாளில் சின்ன வயதிலேயே இதைப் பார்த்திருப்பதாக நாகஜோதி சொன்னார். கிழக்கு மேற்காக நேராக ஓடும் வாய்க்காலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நீக்குவதற்கு முந்தைய படமும் அதே இணையதளத்தில் இருக்கிறது. அதில் எங்கள் வரத்துக்கால் 127 கட்டங்களாக முழுசாக இருக்கிறது. விதிப்படி எண்ணினால் 101 துண்டுகள். எதுவும் இரண்டு கட்டத்துக்கு மேல் இல்லை. ஆகவே நூற்றொரு பள்ளங்கள் என்று கணினி துடைத்துவிட்டது.

5. எனக்கு ஆவல் தாங்கவில்லை. சுற்றுவட்டாரத்தின் ஒன்பது வாய்க்கால்களையும் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். நேராக ஓடும் நான்கும் படத்தில் இருக்கின்றன. சாய்ந்து ஓடும் ஐந்தும் இல்லை. நம் மாவட்டத்தில் நிலமே வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கடலை நோக்கிச் சரிகிறது; தண்ணீர் சாய்ந்துதானே ஓடும்? இன்னும் எத்தனை ஊர்களில் இப்படியோ என்று கேட்டேன். "ஒம்பத வச்சு நான் சொல்லமாட்டேன் டீச்சர், மாவட்டம் முழுக்க எண்ணணும்" என்றார். அந்தக் கவனம் எனக்குப் பிடித்தது.

6. அப்படியானால் மூலையில் தொடும் எல்லாவற்றையும் சேர்த்துவிடலாமே என்றேன். அதற்கு அவர் சொன்னதை இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நான்கு கட்டங்கள் கூடும் ஒரு மூலையில், எதிரெதிரான இரண்டு தண்ணீர், மற்ற இரண்டு கரை; தண்ணீர் ஒரு சாய்வில் கடந்தால் கரை மறு சாய்வில் கடக்க முடியாது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு மூலையையும் யாராவது ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும். யாருக்கு என்று கணிதம் சொல்லாது. அங்கே நடந்து பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

7. ஆகவே தங்களை வேண்டுவது: 29ஆம் தேதிக்கு முன் சாலைப் பணியை நிறுத்திவைத்து, அலுவலர் ஒருவரை அனுப்பி வரத்துக்காலை நடந்து பார்க்கச் செய்யுங்கள். நானும் கூட நடக்கிறேன். நீர்வழி உண்டென்று கண்டால் சிறுபாலம் அமைக்க உத்தரவிடுங்கள். மற்ற ஊர்களின் சாய்ந்த வாய்க்கால்களையும் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். நாகஜோதி உதவச் சம்மதித்திருக்கிறார். ஜனவரியில் நான் சரி என்று சொன்னதை இம்மனுவின் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்த அறுபத்திரண்டு பேரும் இதன் பின்பக்கத்தில் மீண்டும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இந்த முறை ஒவ்வொருவரும் தாளில் வாய்க்காலை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை வாங்கினார்கள்.

நூற்றொரு துண்டுகளுக்கு இடையே நூறு மூலைகள் இருக்கின்றன. கணினி நூறையும் கரைக்குக் கொடுத்துவிட்டது. அவற்றைத் தண்ணீருக்குத் திருப்பிக் கொடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: வரத்துக்கால் வரைந்த கட்டத்தாள் ஒன்று, தாங்கள் வரைந்து பார்க்க வெற்றுக் கட்டத்தாள் ஒன்று.

இடம்: கருவேலனேந்தல்
நாள்: 15.9.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
சொ. உமையாள்