படுக்க வைத்து ஏற்றிய மோட்டார் சைக்கிள்

சிரஞ்சீவி ஜெயபாலனுக்கு உன் அம்மா மலாயா தங்காக்கிலிருந்து ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் பெண்சாதி செல்லமும் பிள்ளையும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், கடல் தாண்டிப் போன உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. அப்பாவின் அஸ்தியை ராமேசுவரத்தில் கரைத்த சேதி கிடைத்தது, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், உன் மோட்டார் சைக்கிள் அடிபட்டுவிட்டது. சொந்த மோட்டார் சைக்கிள் இருந்தால்தான் இந்தப் புதுத் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி வேலை என்று துரை உன்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை, அதனால்தான் எழுதக் கை ஓடவில்லை.

அப்பா போன பிறகு கூலாய் தோட்டத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், இங்கே வர உன் பெரியப்பா வாடகை லாரி பிடித்தார். நீ கப்பலுக்குப் புறப்படும் முன் சொன்னதெல்லாம் எனக்கு அப்படியே மனப்பாடம். பெட்ரோலை வடித்துவிட வேண்டும், வண்டியை நிற்க வைத்தே ஏற்ற வேண்டும், முன்சக்கரம் லாரியின் முன்பலகையில் முட்டி நிற்க வேண்டும், கைப்பிடியிலிருந்து இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, கயிறு உரசுகிற இடத்தில் சாக்கு வைக்க வேண்டும், கனமான சாமான் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. ஞாபகம் இருந்து என்ன பண்ண, சாமான் ஏற்றும்போது தாலி இழந்தவள் எதிரில் வரக்கூடாது என்று உன் பெரியம்மா என்னைப் பின்கட்டில் உட்கார வைத்துவிட்டாள். உன் காதுகுத்துக்கு வந்துவிட்டு இலையில் உட்காராமல் எழுந்து போனவள், அன்றைக்கும் இன்றைக்கும் அதே மூஞ்சிதான். நான் உள்ளிருந்து சொல்லச் சொல்லச் செல்லம் வாசலுக்கு ஓடிப்போய்ச் சொன்னாள். புது வீட்டுக்குப் போற எந்தப் பாத்திரமும் காலியா ஏறக்கூடாது, உப்புப் பானை தண்ணிக்குடம் மாதிரித்தான் இதுவும் என்று பெரியம்மா பெட்ரோலை வடிக்க விடவில்லை. பாதி இருந்ததையும் தளும்ப நிரப்பி மூடிக்குப் பொட்டு வைத்தார்களாம். பெரியப்பாவோ, நின்னுக்கிட்டே வர்றதுக்கு இது என்ன மாப்பிள்ளைத் தோழனா, லாடம் அடிக்க மாட்டைச் சாய்க்கிற மாதிரி சாய்ச்சுப் போடுங்கடா, கீழதான் மெத்தை இருக்கே என்றார். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது. உன் அப்பாவின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசி எனக்குப் பழக்கமில்லை.

கடைசியில் என்னையும் பின்னால் சாமானோடு ஏற்றினார்கள். வழியில் ஆயர் ஈத்தாம் ஊர் வருவதற்குள் பெட்ரோல் நெடி தலையைச் சுற்றியது, மெத்தையெல்லாம் நனைந்து என் சேலை வரைக்கும் வந்துவிட்டது. பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தேன், இஞ்சின் சத்தத்தில் முன்னால் இருந்தவர்கள் காதில் விழவில்லை. மூவார் ஆற்றைக் கடக்க, வண்டி ஏற்றுகிற பெர்ரிப் படகுக்குக் காத்து நின்றபோதுதான் டிரைவர் அய்யாவு பின்னால் வந்தான். சாமான் ஏற்றும்போது அவன் டயர் ஒட்டப் போயிருந்தானாம். யாருங்க இதப் படுக்க வெச்சது, பெரியவர் வாயில சுருட்டு வேற, பத்திக்கிட்டிருந்தா அம்மாவோட அஸ்தியையும் சேத்துல்ல கரைக்கணும் என்றான். பெரியப்பா சுருட்டை ஆற்றில் எறிந்துவிட்டு, நீ லாரிய மட்டும் ஓட்டு லா என்றார். அய்யாவு கேட்காமல் நிமிர்த்திக் கட்டலாம் என்று எல்லாக் கயிற்றையும் அவிழ்த்தான். அதற்குள் பெர்ரிக்கார மலாய்க்காரர் லெக்காஸ் லெக்காஸ் என்று அவசரப்படுத்த, பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்க, அவிழ்த்தது அவிழ்த்தபடி கிடக்க லாரியை எடுத்தான். எங்களை இறங்கி நடக்கச் சொல்லிவிட்டார்கள். கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், லாரி சரிவில் இறங்கவும் கட்டவிழ்ந்து கிடந்த ஆட்டுக்கல் உருண்டு போய் உன் முன்சக்கரத்தின் மேல் ஏறியது. கையை நீட்டினேன், நீட்டி என்ன பிடிக்க.

சக்கரக் கம்பிகள் முறிந்து வளையம் கோணிவிட்டது, கைப்பிடி ஒரு பக்கம் மடங்கிவிட்டது, விளக்குக் கண்ணாடி தூள். கண்ணு பட்டது கழிஞ்சிருச்சு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பெரியப்பாவும் பெரியம்மாவும் ஊர் திரும்பிவிட்டார்கள். இங்கே சைக்கிள் கடைச் சீனர் வந்து பார்த்து, இந்தச் சக்கரம் தன்னிடம் இல்லை என்று கையை விரித்துவிட்டார். நேற்று துரையே பெரிய கிராணியோடு வாசலில் வந்து நின்று வண்டியைக் காட்டச் சொன்னார். நான் அதன்மேல் என் பழைய சேலையைப் போர்த்தி வைத்திருந்தேன். அப்பன் அஸ்தியைக் கரைச்சிட்டு மகன் திரும்புற வரைக்கும் அவன் வண்டியை யாரும் தொறந்து பாக்கக் கூடாதுங்க, எங்க சாதி வழக்கம் என்று சொல்லிவிட்டேன். பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், நம் வழக்கம் அவருக்கு என்ன தெரியும், அப்படியே துரையிடம் சொன்னார். துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு சேலைக்கு முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார். நமக்கு அப்படி ஒரு வழக்கம் கிடையாது. நீ வந்து இறங்குகிற அன்றைக்கு அந்தப் பொய் முடிந்துவிடும், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

செல்லத்தைக் கோபித்து எழுதாதே, அவள் சொல்லாமல் இல்லை. பினாங்கில் கப்பல் இறங்கியதும் நேரே இங்கே வந்துவிடாமல் அங்கேயே சக்கரம் தேடு. இதோடு ஒரு நூல் வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. அது அடிபடாத பின்சக்கரத்தைச் சுற்றி எடுத்த அளவு, முன்னதும் அதே அளவுதான் என்று சீனர் சொன்னார். மற்ற சாமானுக்கெல்லாம் எனக்குப் பேர் தெரியவில்லையப்பா. நீ நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், மாரியம்மன் துணை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி.

இப்படிக்கு, உன்னைப் பெற்ற
அங்கம்மா